மூலை பெஞ்சில் ஓர் இடம்

கோவா கிராமத்தில் வீடு பிடிக்கப் பணம் போதும். தவேர்னாவில் இடம் பிடிக்க அது போதாது.

மதியம் பன்னிரண்டு மணி. வடக்கு கோவாவில் ஒரு கிராமம். தேவாலய மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் இரண்டு ஸ்கூட்டர்கள், ஒரு சைக்கிள், மஞ்சளும் கறுப்புமாக ஒரு வாடகை மோட்டார் சைக்கிள். கதவுக்கு மேலே சிறிய பலகையில் கடையின் பெயர். உள்ளே நான்கு பெஞ்சுகள், ஒரு மர அலமாரி, அதில் பாட்டில்கள். சுவரில் சிலுவை, அதன் கீழே சிவப்பு மின்விளக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து மீன் விலையைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வாசலில் ஒரு புது முகம் தெரிகிறது. வாக்குவாதம் நின்றுவிடுகிறது. வந்தவர் தில்லிக்காரர். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. இந்தியில் பீர் கேட்கிறார். கல்லாவில் இருக்கும் அம்மாள் பாட்டிலைத் திறந்து வைக்கிறார். தில்லிக்காரர் ஜன்னலோரம் காற்று வரும் மூலை பெஞ்சாகப் பார்த்து உட்காருகிறார். சற்று நேரத்தில் கிழவர் ஒருவர் வருகிறார். மூலையைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் கல்லா ஓரமாக நின்றபடியே ஒரு சின்னக் குவளையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மூலை முப்பது வருடமாகக் கிழவருடையது என்பது தில்லிக்காரருக்குத் தெரிய வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

கடந்த சில வருடங்களில் இந்தக் காட்சி சின்னச் சின்ன மாற்றங்களோடு வடக்கு கோவாவின் பல கிராமங்களில் நடந்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்து அலுவலகங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது, தில்லி, மும்பை, பெங்களூர்க்காரர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு அசகாவ், மொய்ரா, அல்டோனா, சியோலிம் என்று குடியேறத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் வந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்து திரும்பியவர்கள். இவர்கள் தங்க வந்தவர்கள். தங்க வந்தவருக்கு வீடு, இன்டர்நெட், தண்ணீர் எல்லாம் அமைந்த பிறகு மாலை ஆறு மணிக்கு ஒரு கேள்வி எழும்: எங்கே போவது, யாரோடு பேசுவது?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த பதில் பப். பப்ளிக் ஹவுஸ், அதாவது பொது வீடு என்பதன் சுருக்கம் அது. கோவாவின் பதில் தவேர்னா. போர்த்துகீசியர்கள் 1510இலிருந்து 1961வரை ஆண்டுவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று. அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி மரமும் இங்கேயே தங்கிவிட்டது. முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்துப் புளிக்கவைத்து ஒரு தடவை காய்ச்சினால் உர்ராக். அதை மறுபடி காய்ச்சினால் ஃபெனி. அதைக் குடிக்கக் கிராமத்தார் கூடும் இடம் தவேர்னா.

இந்தியாவின் மற்ற பகுதிகளிலிருந்து வருபவருக்கு முதலில் வியப்பூட்டுவது அதன் வெளிச்சம். பம்பாய் மாகாணம் 1949இல் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தபோது கோவா போர்த்துகீசியர் கையில் இருந்தது. அந்தச் சட்டத்தின் நிழல் இங்கே விழவில்லை. ஆகவே குடிப்பது திரைக்குப் பின்னால் செய்யும் காரியமாக ஆகவில்லை. பல தவேர்னாக்கள் வீட்டின் முன் அறையிலேயே நடக்கின்றன. பின்னால் சமையலறையில் மீன் குழம்பு கொதிக்கும். பேரப்பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். கல்லாவில் உட்காருவது பெரும்பாலும் வீட்டுக்காரம்மா. சுவரில் சிலுவை இருக்கும். வேறு கடையில் பிள்ளையார் படம் இருக்கும். லூட்டோலிம் கிராமத்தில் வாழ்ந்த கார்ட்டூனிஸ்ட் மாரியோ மிராண்டா (1926–2011) வரைந்த கோவாவில் பாதிரியார், பேண்டு வாத்தியக்காரர்கள், தெருநாய்கள் ஆகியோருக்குச் சமமாகத் தவேர்னாவும் இடம்பெற்றதில் ஆச்சரியமில்லை. ஊர் என்றால் அதுவும் சேர்த்திதான்.

புதிதாக வந்தவர் இந்த இடத்தை உடனே கண்டுபிடிப்பதில்லை. முதலில் அவர் போவது மெயின் ரோட்டில் பலகை பளிச்சிடும் பாருக்கு. அங்கே பாட்டுச் சத்தத்தில் பேச முடியாது. அடுத்து, பழைய பங்களாவைப் புதுப்பித்த காக்டெய்ல் கடை. அங்கே சந்திப்பது முழுக்கத் தில்லிக்காரர்களை. அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. பிறகுதான் விசாரிக்க ஆரம்பிக்கிறார். காலையில் சைக்கிளில் ரொட்டி கொண்டுவரும் பொதேரையோ, ஊரில் 'பைலட்' என்று அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்காரரையோ கேட்டால் சரியான வழி கிடைக்கும். மத்தியான நேரத்தில் எந்த வீட்டு வாசலில் சைக்கிள்கள் நிற்கின்றன என்று பார்த்தாலும் போதும்.

நல்ல மதுக்கடை எப்படி இருக்க வேண்டும் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் பட்டியல் போட்டார். பேச முடிகிற அமைதி வேண்டும். பரிமாறும் பெண்களுக்கு வாடிக்கைக்காரர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக வருபவர்கள் தினமும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். இப்படியே பத்து லட்சணங்களை அடுக்கிவிட்டு, இத்தனையும் பொருந்திய கடை தனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை என்று முடித்தார். கோவா கிராமத்துத் தவேர்னாவில் அவர் கேட்ட பீங்கான் குவளைகளும் தோட்டமும் கிடைக்காது. ஆனால் பேச்சு, பெயர், நாற்காலி மூன்றும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் ஏற்கனவே ஆட்கள் நிரம்பிய சமாச்சாரங்கள். புதியவருக்குப் பேச்சு புரியாது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நாற்காலியோ வேறொருவருடையது.

தில்லிக்காரர் மெள்ளக் கற்றுக்கொண்டார். தவேர்னாவுக்கு நேரம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சுற்று. பிறகு கதவு சாத்தப்படும், ஊர் தூங்கும். சாயந்திரம் மறுபடி திறக்கும். அந்த இடைவெளியில் கதவைத் தட்டுவது அநாகரிகம். மார்ச் முதல் மே வரை உர்ராக் காலம். அப்போது பீர் கேட்பவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். உர்ராக்கில் லிம்கா, எலுமிச்சைத் துண்டு, உப்பு, கீறிய பச்சை மிளகாய் போட்டுக் குடிப்பது வழக்கம். எந்த மலைச்சரிவின் பழம், யாருடைய பட்டியில் காய்ச்சியது என்று கேட்டால் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். பட்டி என்பது காய்ச்சும் கொட்டகை. ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலையைப் பற்றி யார் வேண்டுமானாலும் புலம்பலாம். அதற்குக் கொங்கணி இலக்கணம் தேவையில்லை. சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் வாங்கிக்கொடுத்துப் பெரிய மனிதராகப் பார்ப்பது மட்டும் கூடாது. ஒருவர் வாங்கிக் கொடுத்தால் இன்னொரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. ஓய்வூதியத்தில் வாழ்பவரை அந்தக் கணக்கில் இழுத்துவிடுவது உபகாரமல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பத் திரும்ப வர வேண்டும். பிடித்த கடையை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். சின்ன ஊரில் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கடை தீர்மானிக்கிறது. அதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பணத்தால் குறைக்க முடியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தில்லிக்காரர் தேடி வரும் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைக்காரம்மாவின் மகன் எப்போதோ போய்விட்டான். 1961 டிசம்பர் 19க்கு முன் போர்த்துகீசியக் கோவாவில் பிறந்தவர்களும் அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்ச்சுகல் குடியுரிமை கோர முடியும். அந்தப் பாஸ்போர்ட் ஐரோப்பிய யூனியனுக்குள் வேலை தேடும் சீட்டு. பிரிட்டன் யூனியனைவிட்டு விலகி 2020 கடைசியில் அந்தக் கதவு மூடப்படும்வரை, ஆயிரக்கணக்கான கோவாக்காரர்கள் அந்த வழியாக இங்கிலாந்துக்குப் போனார்கள். லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்விண்டன் நகரில் அவர்கள் ஒரு பெரிய சமூகமாகவே வாழ்கிறார்கள். அங்கே ஏதாவது ஒரு பப்பின் வாசலில் இந்த வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் புது முகமாக நின்றிருப்பான். உள்ளே பேச்சு நின்றிருக்கும். கிராமத்தைத் தேடி நகரத்துக்காரர் வருகிறார். கிராமத்துக்காரர் வேறு நாட்டு நகரத்துக்குப் போகிறார். நடுவில் அம்மா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. கடை உரிமம் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. அதைப் புதுப்பித்து நடத்த அடுத்த தலைமுறை ஊரில் இல்லை. ஒருநாள் வருமானம் என்று பார்த்தால், நான்கு பேர் சின்னக் குவளையில் ஃபெனி குடிப்பதில் என்ன கிடைத்துவிடும்? அதே கட்டடத்தை வாடகைக்கு விட்டால் கிடைப்பது எத்தனையோ மடங்கு. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு இந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கோவாவின் ஒல்லியான நிலப்பரப்பில் அதுவே பெரிய தூரம். 2018இல் ஊராட்சிப் பகுதிகளுக்கு விலக்குத் தருவதை மாநிலங்களின் முடிவுக்கு நீதிமன்றம் விட்டபோது நெருக்கடி தளர்ந்தது. ஆனால் ஒரு வருடம் பூட்டிக் கிடக்கும் சின்னக் கடைக்கு மறுபடி திறக்கும் தெம்பு இருப்பதில்லை.

இன்னொரு பக்கம் ஃபெனிக்கு மரியாதை கூடியிருக்கிறது. முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் அதற்குப் பாரம்பரிய பானம் என்ற தகுதி தர மாநிலக் கலால் சட்டம் திருத்தப்பட்டது. அழகான பாட்டில்களில் அடைத்துப் பெருநகர ஹோட்டல்களில் விற்கிறார்கள். பானம் பிழைத்துக்கொண்டது. பெஞ்சு பிழைக்குமா என்பது வேறு விஷயம். தவேர்னாவின் நீல வண்ணச் சுவரையும் பழைய அலமாரியையும் அப்படியே வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலை மட்டும் மாற்றிவிட்ட கடைகள் வந்துவிட்டன. படம் எடுக்க நன்றாக இருக்கிறது. சைக்கிள்தான் வாசலில் நிற்பதில்லை.

வெளியூர்க்காரர்களைக் கோவாவில் 'பாய்லே' என்பார்கள். கொங்கணியில் வெளியே உள்ளவர்கள் என்று பொருள். தேர்தல் மேடைகளில் அது கோபத்தோடு ஒலிக்கிறது. தவேர்னாவில் அவ்வளவு கோபம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அறையில் இருக்கும். வாடகை ஏறியதும், கிணறு வற்றியதும், வயல் ஓரத்தில் மதில் எழுந்ததும் பேசப்படும்போது, பேசுகிறவர்கள் புதியவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அவர் தனிப்பட்ட முறையில் குற்றவாளியல்ல. ஆனால் பிடித்த இடம் என்று ஒருவர் தேடி வருவதே அந்த இடத்தின் விலையை ஏற்றிவிடுகிறது என்பதை அவர் மறுக்கவும் முடியாது.

தவேர்னாவைப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். மதியம் ஒன்றோடு எழுந்து போகிறவர் உண்டு, எழுந்திருக்காதவரும் உண்டு. அவர் வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறது என்பது பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியும், பேசமாட்டார்கள். கோவாவில் இயங்கும் சங்கத் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மருத்துவப் படிப்பில்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் பெருங்குடிகாரர்களோடு சில தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் குடியைக் கட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். லேன்செட் மருத்துவ இதழில் 2017இல் வெளிவந்த முடிவு இது. குடிப்பவருக்குத் தேவைப்பட்டதில் ஒரு பகுதி, உட்கார்ந்து பேச ஒரு ஆள். நல்ல தவேர்னாவும் அதைத்தான் தருகிறது. கெட்ட தவேர்னா குவளையை மட்டும் நிரப்புகிறது. "போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்லும் உரிமையும் துணிவும் உள்ள அம்மாள் கல்லாவில் இருக்கிறாரா என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

பெண்களுக்கு இங்கே இடம் குறைவு என்பதும் உண்மை. கல்லாவில் பெண் இருக்கலாம். பெஞ்சில் இருப்பது அரிது. குடிவந்த பெண் ஒருத்தி தனியாக வந்து உட்கார்ந்தால் திட்டமாட்டார்கள், ஆனால் எல்லோரும் திடீரென்று நல்ல பிள்ளைகளாகி மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனம் கலைய இன்னும் நாளாகும்.

மூடப்படும் கடையைக் காப்பாற்ற வழியே இல்லையா? இங்கிலாந்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. வடக்கு யார்க்ஷயரில் ஹட்ஸ்வெல் என்ற சிறு கிராமத்தின் ஒரே பப், ஜார்ஜ் அண்டு டிராகன், 2008இல் மூடப்பட்டது. ஊர் மக்கள் பங்கு போட்டு அதை வாங்கி 2010இல் திறந்தார்கள். அதிலேயே ஒரு சின்னக் கடை, ஒரு நூலகம், காய்கறி பயிரிடத் துண்டு நிலங்கள். 2016ஆம் ஆண்டின் தேசிய அளவில் சிறந்த பப் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கையில் காசிருந்த யாரோ ஒருவர் அதை மீட்டுக் கொடுக்கவில்லை. ஊரே சொந்தக்காரர் ஆனது. கோவாவுக்கு அதே ஏற்பாடு அப்படியே பொருந்தாது. ஆனால் வாடிக்கைக்காரர் என்பதற்கும் பாதுகாவலர் என்பதற்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை என்பதை அது காட்டுகிறது.

தில்லிக்காரருக்கு இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. கொங்கணியில் நாற்பது, ஐம்பது வார்த்தைகள் தெரியும். கடைக்காரம்மாவை மற்றவர்களைப் போல 'ஆன்ட்டி' என்கிறார். மூலை பெஞ்சில் உட்காருவதில்லை. வாசல் பக்கம் முக்காலிதான் அவருடையது என்று ஆகிவிட்டது. சளிக்காய்ச்சலில் நான்கு நாள் வராமல் போய்த் திரும்பியபோது ஆன்ட்டி கேட்டார், "எங்கே போயிருந்தாய்?" மூலையில் இருந்த கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் இது இனிய கதை. சென்ற உர்ராக் காலத்தில் ஒரு மத்தியானம், கடை சாத்தும் நேரத்தில், ஆன்ட்டி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கடையோடு வீட்டையும் சேர்த்து விலைக்குக் கேட்டு வந்தவருடைய கார்டு. மகனும் இங்கிலாந்திலிருந்து போனில் விற்கத்தான் சொல்கிறானாம்.

"உங்கள் ஊர்க்காரர்தான்" என்றார் ஆன்ட்டி. "கடையை நடத்துவேன் என்கிறார். ஆள் எப்படி, நம்பலாமா?"

தில்லிக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குடியிருக்கும் வீடும் இங்கிலாந்துக்குப் போன ஒரு குடும்பத்தினுடையதுதான். கிழவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்.